கறுப்பிட கோவம் எங்கயிருந்து வந்திச்சு

"அடிபட்டு முடியட்டும் புள்ள, மிருகம்தானே, தானா ஒண்டாயிரும்." எங்கட வீட்டுப் பூனை ரெண்டும் திடீரெண்டு ஒண்டை ஒண்டு கொல்லப் பாத்த நேரம் அக்கம்பக்கத்தில இருந்து வந்த புத்திமதியில முக்கால்வாசி இதுதான். மிச்சம் கால்வாசி, "ஒண்டைச் சாக்கில போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுட்டு வாங்க, தலையத் திண்டு பிழைச்சுக்கும்." சொன்ன ஆக்கள் எல்லாரும் எங்களுக்கு வேண்டப்பட்டவங்க, அக்கறையில சொன்னதுதான், அதில எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா அந்த ரெண்டு பேச்சும் இன்னும் மனசுக்க கிடந்து குடையுது, ஏனெண்டா ரெண்டுக்கும் அடியில கிடக்கிறது ஒரே எண்ணம்தான், பூனை சண்டை பிடிச்சா அது பூனைட குணம், அதுக்குக் காரணம் எண்டு ஒண்டைத் தேடத் தேவையில்ல எண்ட எண்ணம். அதோட எனக்கு ஒத்துப்போக ஏலா. காரணம் இருந்திச்சு, தேடினாக் கிடைக்கிற தூரத்திலதான் இருந்திச்சு.

கறுப்பி மூத்தவ. சீனி பொறகு வந்தவன், ஒரு மாரி மழைக்க மட்டக்களப்பில பழைய கல்லடிப் பாலத்தடியில நனைஞ்சு கத்திக்கொண்டு கிடந்தவனை தம்பி சேட்டுக்குள்ள வச்சுக் கொண்டுவந்தான். முதல்ல கறுப்பி சீறிக்கொண்டுதான் திரிஞ்சா, மறுகா ஒரு நாள் பாத்தா அவன்ட தலைய ஒரு கையால அமத்திப் பிடிச்சு காதுக்குள்ள நக்கிக்கொண்டிருக்கா. அண்டையில இருந்து ரெண்டுக்கும் ஒரே கதிரையில படுக்கை. அம்மா மீன் வெட்டக் குந்தினா இந்தப் பக்கம் ஒண்டு அந்தப் பக்கம் ஒண்டு. ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செஞ்சாச்சு, தடுப்பூசியும் ஒழுங்காப் போட்டு வந்திருக்கம். வருசக்கணக்கா அப்பிடி ஒட்டிக்கொண்டு கிடந்த ரெண்டு சீவன் ஒரு பின்னேரத்தில எதிரியாப் போனா அதைப் பாத்துக்கொண்டு "தானா சரியாகும்" எண்டு எப்பிடிச் சும்மா இருக்கிற.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிஞ்ச கையோட, கச்சான் காத்து சுழட்டி அடிச்சுக்கொண்டிருந்த நேரம் அது. ஹோலுக்குள்ள ஒரு சத்தம் கேட்டு நான் குசினியில இருந்து ஓடிவர, ரெண்டும் கட்டிப்பிடிச்சு உருண்டு டீவி மேசைக்குக் கீழ போய், சீனி எப்பிடியோ கழண்டு அலுமாரிக்கு மேல பாய்ஞ்சிட்டான். நிலத்தில வெள்ளையும் மஞ்சளுமா மயிர்க் கொத்து, பக்கத்தில அவன் பயத்தில விட்ட மூத்திரம் ஓடுது. கறுப்பி கீழ நிண்டு அண்ணாந்து பாத்து உறுமுறா, வால் மூண்டு மடங்கு தடிச்சிருக்கு, கண்ணில மஞ்சள் நிறமே இல்ல, விளிம்பு வரைக்கும் கறுப்பு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா காது திரும்பக்கூட இல்ல. அம்மா "என்னடி ராசாத்தி" எண்டு கையை நீட்டினா, பெருவிரலுக்குக் கீழ பல்லு இறங்கிட்டு.

இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லத்தான் வேணும். பூனைப் பல்லு ஊசி மாதிரி மெல்லிசு, வெளியில பாத்தா சின்ன ஓட்டை ரெண்டு, ரத்தம் கூட பெரிசா வராது, ஆனா வாயில உள்ள கிருமி ஆழத்துக்குப் போயிரும், அடுத்த நாளே கை வீங்கிப் பழுக்கலாம். அதோட நம்மட நாட்டில விசர் நோய் இன்னும் இருக்கு, அது நாயால மட்டுமில்ல பூனையாலயும் வரும். சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிற்று, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், அரசாங்க ஆஸ்பத்திரியில விசர் ஊசிக்குக் காசில்ல. "வீட்டுப் பூனைதானே" எண்டு மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காதீங்க. சண்டைக்குள்ள கையைக் குடுக்கவே குடுக்காதீங்க, பெரிய கார்ட்போர்ட் மட்டை ஒண்டை ரெண்டுக்கும் நடுவில இறக்கினாப் போதும், ஒண்டை ஒண்டு தெரியாமப் போனா அந்த மூர்க்கம் ஒரு படி இறங்கும். நான் அப்பிடித்தான் மட்டையால மறைச்சு மறைச்சு கறுப்பிய ஹோலில விட்டுட்டு சீனியச் சின்ன அறைக்க கொண்டுபோய்க் கதவைச் சாத்தினன். அடுத்த நாள் வெள்ளென, காத்து அந்தக் கதவை அடிச்சுத் திறந்து விட, திரும்பவும் அதே கூத்து. அப்பத்தான் விளங்கிச்சு இது ஒரு நாள் கோவம் இல்ல எண்டு.

ஆளுக்கொரு காரணம்

தீர்த்தத்தில போட்ட வெடிதான் காரணம் எண்டான் தம்பி. அது நடக்காத விசயமும் இல்ல, திடீர்ச் சத்தத்தில வெருண்ட பூனை பக்கத்தில நிக்கிறதை அடிக்கும். ஆனா வெடி முடிஞ்சு ஊர் அமைதியாப் போன பொறகுதானே இது தொடங்கினது. பக்கத்து வீட்டு மாமிக்கு அது பொறாமை, "சீனிய நீங்க கூடத் தூக்கித் தூக்கிக் கொஞ்சிறீங்க, மூத்தவளுக்கு எரியாதா கா?" அம்மாவுக்கு நாவூறு, ரெண்டும் ஒண்டாப் படுத்திருக்கிற படத்தைத் தம்பி பேஸ்புக்கில போட்டுட்டானாம், செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து ரெண்டுக்கும் சுத்தி அடுப்பில போட்டா. அவட மனசு ஆறினா எனக்கும் நல்லம்தான்.

நான் முதல்ல போனது மிருக வைத்தியரிட்ட. வயசு போன பூனை திடீரெண்டு கடிக்கத் தொடங்கினா நோவு இருக்கா எண்டு பாக்கவேணும், பல்லு, மூட்டு, தைரொயிட், இதில ஏதாவது ஒண்டு அதைச் சினக்க வைக்கும், பூனை நோவைச் சொல்லாது, ஒளிச்சு வைக்கும். அவர் கறுப்பிட வாயைத் திறந்து முரசைப் பாத்தார், இடுப்பை அமத்திப் பாத்தார், ஒண்டும் இல்ல. "நோவு இல்லயெண்டா வீட்டுக்க என்ன மாறினது எண்டு பாருங்க" எண்டார். அதை விட அவர் கூடக் கேட்டது சீனியப் பத்தித்தான், மூத்திரம் போறானா, சாப்பிடுறானா எண்டு. கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் சரியான ஒடுக்கம், பயத்திலயும் கவலையிலயும் அது அடைபடலாம், மணல் பேசினுக்க திரும்பத் திரும்பக் குந்தியும் ஒண்டும் வரல்ல எண்டா அதை நாளைக்கு எண்டு வைக்கக் கூடாது, அண்டைக்கே கொண்டுபோகவேணும், இல்லாட்டி சீவன் போயிரும். ரெண்டு மூண்டு நாள் சாப்பிடாமக் கிடந்தாலும் ஈரலில கொழுப்பு ஏறிரும், கொழுத்த பூனைக்கு அது இன்னும் ஆபத்து. காயத்துக்கு நோவுக்கு எண்டு பனடோல், அதான் பரசிட்டமோல், குடுக்கிற ஆக்கள் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், பூனைட ஈரலால அந்த மருந்தைக் கழிக்க ஏலா, ஒரு குளிசையே கொல்லும்.

மணம்

சீனிய வைத்தியரிட்டக் காட்டிற்றுத் திரும்பக் கொண்டுவந்த அண்டைக்கு கறுப்பி அவனை இல்ல, அவன் வந்த கூடையத்தான் முதல்ல மணந்தா, மணந்திட்டுச் சீறினா. அதை வச்சுத்தான் நான் மணத்தைப் பத்தித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினன். பூனை கன்னத்தை, நாடியை, நெத்தியை கதவு நிலையிலயும் நம்மட காலிலயும் தேய்க்குதே, அங்கெல்லாம் மணச் சுரப்பி இருக்கு, வாலடியிலயும் பாத விரலிடுக்கிலயும் கூட இருக்கு. ஒரு வீட்டில ஒண்டா இருக்கிற பூனைகள் ஒண்டோட ஒண்டு தேய்ச்சு, நக்கி, பக்கத்தில படுத்து எல்லாத்துக்கும் பொதுவா ஒரு மணத்தை உண்டாக்கி வச்சிருக்கும். நம்மட பக்கம் தெரியாத ஆளைக் கண்டா பெரியாக்கள் "எந்தக் குடி?" எண்டு, தாய்வழி வம்சத்தை, கேட்டு வைப்பாங்கதானே, பூனைக்கு அந்தப் பொது மணம்தான் குடி. முகம் தெரிஞ்சாலும் மணம் மாறிட்டெண்டா அது வேறாள். ஆஸ்பத்திரி மருந்து மணத்தோட வந்த பூனைய வீட்டில நிண்ட பூனை அடிச்சு விரட்டுறது இதாலதான்.

இன்னொண்டும் இருக்கு. வீட்டுப் பூனைட மூதாதை ஆபிரிக்கா, மேற்காசியாப் பக்கத்துக் காட்டுப் பூனை எண்டு மரபணு ஆராய்ச்சி ஒண்டு 2007-ல சொன்னது. சைப்பிரஸில 9,500 வருசம் பழைய ஒரு புதைகுழியில மனுசனுக்குப் பக்கத்தில பூனையும் கிடந்திருக்கு. அவ்வளவு காலம் நம்மளோட இருந்தும் அதுட அடிக் குணம் தனிய வேட்டையாடுற மிருகத்துட குணம்தான். நாய் கூட்டமா வாழ்ந்த சாதி, சண்டைக்குப் பொறகு பணிஞ்சு, வாலைத் தாழ்த்தி, முகத்தை நக்கி ஒண்டாகிற வழியெல்லாம் அதுக்கு இருக்கு. பூனைக்கு அப்பிடிப் பெரிசா ஒண்டும் இல்ல, விலகிப் போறதுதான் அதுட சமாதானம். காட்டில விலகலாம், வளவுக்க விலகலாம், நாலு சுவருக்குள்ள எங்க விலகிற? அடிபட்டு முடியட்டும் எண்டு விட்டா முடியாது, ஒவ்வொரு அடியிலயும் பயம் இன்னும் ஒரு முடிச்சு இறுகும், அவ்வளவுதான். எனக்கு அந்தப் புத்திமதியில உள்ள கோவம் இதுதான். பாதிக்கப்படுறவன் சீனி, அவன் மூலைக்க ஒடுங்கி ஒடுங்கி ஒரு நாள் வெளியில வாறதையே விட்டிருவான், அதைப் பாத்துட்டு "பாத்தீங்களா, சண்டை நிண்டிட்டு" எண்டு நாங்க சொல்லுவம்.

கரண்ட் போன ராவு

ஆனா இது எல்லாம் ஏன் முடியுதில்ல எண்டதுக்குத்தான் பதில், ஏன் தொடங்கினது எண்டதுக்கு இல்ல. அந்தப் பதில் ஒரு ராவு கிடைச்சிச்சு.

கரண்ட் போயிட்டு. புழுக்கம் தாங்காம அம்மாவும் தம்பியும் பாய எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போயிட்டாங்க, சீனி சின்ன அறைக்க, கதவு பூட்டு. நான் ஹோலில நிலத்தில சாய்ஞ்சு கிடக்கிறன், கறுப்பி ஜன்னல் கட்டில குந்தியிருக்கா, எங்கட ஜன்னலுக்கு கம்பியும் நுளம்பு வலையும் மட்டும்தான், கச்சான் வெக்கைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஏலா. ஃபேன் இல்ல, டீவி இல்ல, ஃப்ரிஜ் உறுமல் இல்ல, வாவிப் பக்கத்தில இருந்து காத்து மட்டும் வருது. அந்த அமைதியில மதில் மேல ஏதோ நடந்து வாற சத்தம். கறுப்பிட முதுகு மயிர் கழுத்தில இருந்து வால் வரைக்கும் மெதுவா எழும்புது. நான் அசையல்ல.

மதிலில இருந்து விறகுக் குவியல், விறகில இருந்து ஜன்னல் படி, ஒரு பெரிய சாம்பல் கடுவன். தலை பெருத்தவன், ஒரு காது கிழிஞ்சிருக்கு. அவன் சீறவும் இல்ல கத்தவும் இல்ல, கறுப்பிட மூஞ்சிக்கு நேர நிண்டு கொஞ்ச நேரம் பாத்தான், பொறகு திரும்பினான், வாலை நேரத் தூக்கினான், வால் நுனி நடுங்குது, வலைக்கு மேல பீச்சி அடிச்சிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். கறுப்பிட தொண்டைக்குள்ள இருந்து ஒரு முனகல், அது அவட சத்தம் எண்டே எனக்கு நம்ப ஏலாமக் கிடந்திச்சு. வலைய ஒருக்கா அறைஞ்சா. பொறகு அவ திரும்பினா, என்னைத் தாண்டித்தான் போனா, நான் அங்க கிடக்கிறது அவட கண்ணில படவே இல்ல. நேரச் சீனிட அறைக் கதவுக்குப் போய் முழு உடம்பையும் கொண்டு மோதினா. உள்ளுக்க இருந்தவன் ஒரு சத்தமும் போடல்ல, ஒண்டும் செய்யல்ல. அவனுக்கு வெளியில என்ன நடந்ததெண்டே தெரியா.

நான் அந்த இருட்டுக்க அப்பிடியே கிடந்தன். இவ்வளவு நாளும் நாங்க எல்லாரும் கறுப்பிட முகத்தைப் பாத்து, பொறாமை, நன்றி கெட்டது, வயசுக் கிறுக்கு எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டிருந்தம். அவ பயந்து போயிருக்கா. தன்ட வீட்டு வாசலில வந்து ஒருத்தன் இது என்ட இடம் எண்டு எழுதிற்றுப் போறான், அவனைத் தொட ஏலா, நடுவில வலை, அந்தப் பயமும் கோவமும் எங்கயோ போகத்தானே வேணும், கிட்ட நிண்ட இன்னொரு பூனையில போய் விழுந்திட்டு. முதல் சண்டை நடந்த கதிரை அந்த ஜன்னலுக்கு நேர கீழதான் கிடந்தது. விடிய வெளியால போய்ப் பாத்தன், வலையிலயும் சுவரிலயும் மஞ்சள் கோடு கோடா வழிஞ்சு காய்ஞ்சிருக்கு, பழசுக்கு மேல புதுசு, கிட்டப் போனா மூக்கைப் பொத்தத்தான் வேணும். இரவிரவா வந்திருக்கான்.

இதை வைத்தியரிட்டச் சொன்ன உடன அவருக்கு விளங்கிட்டு, வீட்டுப் பூனைகள் திடீரெண்டு பகைக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணமாம். வெருண்ட பூனைக்கு அந்தக் கொதிப்பு மணித்தியாலக் கணக்கா இறங்காது, சிலதுக்கு ஒரு நாளுக்கு மேலயும் போகும், அந்த நேரத்தில தூக்கப் போனா நம்மளையும் கடிக்கும். அதுக்கும் மேல, அடி வாங்கின பூனை அடுத்த முறை இதைக் கண்ட உடன பதுங்கும், சீறும், அந்தப் பதுங்கலைக் கண்டு மற்றதுக்குத் திரும்பக் கிளம்பும். வெளியில இருந்து வந்த சண்டை அப்பிடியே உள்ளுக்க வேர் விட்டிரும். கடுவன் வராமப் போனாலும் இது கிடக்கும்.

திரும்பப் பழக்கினது

முதல்ல ஜன்னல். கீழ்ப் பாதிக்கு பிளைவூட் பலகை அடிச்சம், மேல்ப் பாதியால காத்து வரும், ஆனா குந்தியிருந்து பாத்தா மதில் தெரியா. விறகுக் குவியலை பின்பக்கம் மாத்தினம். மூத்திரம் பட்ட இடத்தை அம்மா குளோரின் ஊத்திக் கழுவப் பாத்தா, வேணாமெண்டு மறிச்சன், அந்த மாதிரிக் காட்டமான மணம் இன்னும் அடிக்கத்தான் தூண்டும், அமோனியா சேர்ந்த கிளீனர் எண்டா பூனைக்கு அது மூத்திர மணம் மாதிரியேதான். என்சைம் உள்ள உடுப்புக் கழுவுற பவுடரைக் கரைச்சு ஊற விட்டுத் தேய்ச்சு வெயிலில காய விட்டம், வலையக் கழட்டிப் புதுசு போட்டம்.

அதுக்குப் பொறகுதான் இவங்க ரெண்டு பேரும். பழைய துவாயைக் கிழிச்சு ரெண்டு துண்டாக்கி, ஒண்டை சீனிட கன்னத்தில தேய்ச்சு கறுப்பிட சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழ வச்சன், மற்றதை மாறி. கறுப்பி முதல்ல கோப்பையத் தொடவே இல்ல, துண்டைக் கொஞ்சம் தள்ளி வச்ச பொறகு சாப்பிட்டா, அப்பிடியே மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்தன். பகலில ஒருக்கா அறையை மாத்தி விடுவன், சீனி ஹோலுக்கு, அவ அறைக்கு, ஆளைக் காணாம மணத்தை மட்டும் மணந்து திரியட்டும் எண்டு. பொறகு பூட்டின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு, முதல்ல கதவுக்கு நல்லாத் தூர வச்சுத் தொடங்கி, ஒரு பக்கமும் சீறாம முழுசாத் திண்டா அடுத்த முறை கொஞ்சம் கிட்ட, சீறினா திரும்பப் பின்னுக்கு. சாப்பாடு எண்டா சாதாரணச் சாப்பாடு இல்ல, அதுக்கெண்டு வச்சிருந்த அவிச்ச சூடை மீன், முள்ளெடுத்து, உப்புப் புளி இல்லாம. கறியில கிடந்த மீனைக் குடுக்காதீங்க, வெங்காயமும் உள்ளியும் பூனைட ரத்தத்தைக் கெடுக்கும்.

எங்கட வளவுக்குப் பக்கத்தில இருக்கிற ஓடாவியாரிட்டச் சொல்லி மரச் சட்டத்தில கம்பி வலை அடிச்சு ஒரு கதவு செஞ்சம், நுளம்பு வலை இதுக்குத் தாங்காது, ஒரே பாய்ச்சலில கிழிஞ்சிரும். அதில அப்பாட பழைய சாரனைத் தொங்க விட்டு, ரெண்டும் சாப்பிடுற நேரம் மட்டும் கீழ்க் கரையைக் கொஞ்சம் தூக்குவன், பாதம் தெரியிற அளவுக்கு, பொறகு மார்பு வரைக்கும், பொறகு முகம். இந்தக் கட்டத்திலதான் அவசரம் வரும். எல்லாருக்கும் வரும், "இவ்வளவு நல்லா இருக்குதுகளே, திறந்து விடு" எண்டு தம்பி நிண்டான். நான் விடல்ல, ஏனெண்டா கறுப்பி சாப்பிட்டாலும் அவட வால் நுனி ஆடிக்கொண்டே இருந்திச்சு, கண் இமைக்காம அவனையே பாத்துக்கொண்டிருந்தா. இமைக்காத பார்வை பூனைக்கு மிரட்டல். அவ பாத்துட்டு பார்வைய எடுத்து வேற பக்கம் திரும்பி, கையை நக்கத் தொடங்கிற நாளைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தன். அந்த நாள் வந்திச்சு, இடையில எங்கயோ கடுவன் கத்தின சத்தத்தில எல்லாம் திரும்ப முதலில இருந்து தொடங்கவேண்டி வந்து, அதுக்கும் பொறகு.

திறந்து விட்ட பொறகும் கொஞ்ச நேரம்தான், ரெண்டுக்கும் பசி இருக்கிற நேரமாப் பாத்து, கையில மட்டை ரெடி. நான் ஈர்க்கில கோழி இறகைக் கட்டி ஒரு பக்கம் ஆட்ட, தம்பி மற்றப் பக்கம் ஆட்ட, ஒரே அறைக்க தூர தூர விளையாடிப் போட்டு, நல்லா இருக்கிற நேரத்திலயே பிரிச்சிருவம். மூக்கோட மூக்கு வச்சு "கும்பிடு, மன்னிப்புக் கேளு" எண்டு கொஞ்சிக் கொஞ்சி அமத்திப் பிடிக்கிற ஆக்களைக் கண்டிருக்கன், அது கடைசி வரைக்கும் வேணாம், ஓட வழியில்லாத பூனை அடிக்கத்தான் செய்யும். மணல் பேசின் மூண்டு வச்சிருக்கம், ரெண்டு பூனைக்கு மூண்டு, அதுவும் வேற வேற இடத்தில, ஒண்டு போற வழியில மற்றது மறிச்சுக்கொண்டு நிக்காத மாதிரி. தண்ணி ரெண்டு இடத்தில. சீனி ஏறி இருக்க அலுமாரிக்குப் பக்கத்தில ஒரு தட்டு. மனம் ஆற்றுற பெரமோன் மருந்து, பூனைட மணத்தைப் போலச் செஞ்சது, பிளக்கில குத்துற மாதிரி, வெளிநாட்டில பாவிக்கிறாங்க, கடும் கேசுக்கு வைத்தியர் மாத்திரையும் எழுதுவார், ஃபுளொக்செட்டின் மாதிரி, அது வேலை செய்யக் கிழமைக் கணக்காகும், நாமளா வாங்கிக் குடுக்கிற சாமான் இல்ல அது. எங்களுக்கு அது தேவைப்படல்ல.

சாக்கு

இதுக்கெல்லாம் நடுவில மாமி நாளுக்கொருக்கா மதிலால எட்டிப் பாத்து, "இன்னும் ரெண்டையும் வச்சுக் கஸ்டப்படுறீங்களா கா, அம்மாட கையையும் கடிச்சிட்டு, அந்தக் கறுத்ததை விட்டிருங்களன்" எண்டுவா. அம்மாட கையைக் காட்டிச் சொல்லக்குள்ள எனக்குப் பதில் சொல்ல வராது. அம்மாதான் சொன்னா, "கடிச்சது எனக்கு மாமி, நான் ஒண்டும் சொல்லல்லயே."

சாக்கில கட்டி விடுறதை நம்மட ஊரில யாரும் கொடுமையா நினைக்கிறதில்ல, சந்தையில மீன் கிடக்கு, பிழைச்சுக்கும் எண்டு உண்மையாவே நம்புறாங்க. ஆனா சந்தை ஏற்கனவே வேற பூனைகள்ட இடம், கதிரையில படுத்து வளர்ந்த வயசு போன பூனை அங்க எப்பிடி ஒரு மீன் தலைக்கு அடிபடும்? நாய், பஸ், ஓட்டோ. பூனைக்குத் திரும்பி வர வழி தேடுற குணமும் இருக்கு, ரோட்டிலயே முடிஞ்சு போறது கனக்க. அது ஒரு பக்கம். மற்றது, கறுப்பிய விட்டிருந்தா என்ன தீர்ந்திருக்கும்? கடுவன் இருந்திருப்பான். ஜன்னல் இருந்திருக்கும். நாளைக்குச் சீனி அதே ஜன்னலில குந்துவான், அதே கோவம் அவனுக்கு வரும், அது அம்மாட காலில விழும். குத்தவாளி எண்டு ஒண்டைப் பிடிச்சு வெளிய அனுப்பிட்டா வீடு சுத்தமாகிரும் எண்டு நாங்க நினைக்கிறது, வெளியில பாக்க மனசில்லாததால எண்டுதான் எனக்குப் படுது.

அந்தக் கடுவனையும் நான் குத்தவாளி எண்டு சொல்ல மாட்டன். அவன்ட உடம்பு சொல்லுறதை அவன் செய்யிறான். அவனைக் கல்லால எறிஞ்சு விரட்டினா ரெண்டு நாளில திரும்பி வருவான், இல்லாட்டி அவன்ட இடத்துக்கு இன்னொருத்தன் வருவான். ஓடாவியாரிட்டயே கம்பிக் கூடு ஒண்டு அடிச்சு எடுத்து, பொறிக் கதவு வச்சு, சூடை மீனைக் கட்டித் தொங்கவிட்டம். பிடிபட்ட பொறகு அவன் கூட்டுக்க போட்ட சத்தத்தில தெருவே எழும்பினது. சாக்கால கூட்டை மூடின உடன அடங்கிட்டான், இருட்டு வந்தா பூனை அடங்கும். வைத்தியர் ஆபரேஷன் செஞ்சு, விசர் ஊசியும் போட்டு விட்டார். செஞ்ச உடன மாறாது, உடம்பில உள்ள ஹோர்மோன் இறங்கக் கிழமைக் கணக்கு எடுக்கும், பொறகு பெரும்பாலான கடுவன்கள் மூத்திரம் அடிக்கிறதும் ஊர் சுத்திச் சண்டை பிடிக்கிறதும் குறையும். இவனும் குறைஞ்சிட்டான். இப்ப பின்னேரத்தில பின்வளவுக்கு வந்து அம்மா வைக்கிறதைத் திண்டிட்டுப் போவான், முன் ஜன்னல் பக்கம் வாறது குறைவு. அம்மா சாம்பலன் எண்டு கூப்பிடுறா.

கறுப்பியும் சீனியும் இப்ப ஒரே ஹோலில பகல் முழுக்க இருக்காங்க. ஒரே கதிரையில படுக்கிறதில்ல, ராவில கம்பி வலைக் கதவைப் பூட்டித்தான் படுக்கிறம், நாங்க வெளியில போனாலும் பூட்டுறம். போன கிழமை சீனி அவளைத் தாண்டிப் போகக்குள்ள அவ தலைய நீட்டி அவன்ட கன்னத்தில ஒருக்கா உரசினா, அவன் ஒரு கணம் விறைச்சுப் போய் நிண்டுட்டு நடந்தான். பழைய மாதிரிக் காதை நக்கிற அளவுக்கு வருமா வராதா எண்டு நான் கணக்குப் பாக்கிறதில்ல, ஒண்டுக்கு ஒண்டு பயமில்லாம ஒரு வீட்டுக்க நடந்து திரிஞ்சாலே எனக்குப் போதும்.

மாமி வீட்டில திரும்பவும் குட்டி போட்டிருக்கு, நாலு. குட்டி பால் மறந்த உடன தாய்ப் பூனையக் கொண்டுபோறதெண்டு மாமியக் கேட்டு, ஆபரேஷனுக்கு நாள் எடுத்து வச்சிருக்கன், குட்டி ரெண்டுக்கு இன்னும் வீடு தேடுறம். கூடு எங்கட விறாந்தையிலதான் சும்மா கிடக்கு, கல்லடி, நாவலடிப் பக்கம் கடுவன் தொல்லை உள்ள ஆக்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், கழுவித் திருப்பித் தந்தாச் சரி.